பழைய அரசு லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போடலாமா, புதுசே வாங்கிவிடலாமா?

விருதைக்காரன்:

வணக்கம் நண்பர்களே. தங்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த தமிழக அரசு லேப்டாப் வீட்டில் இருக்கிறது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கொடுத்தபோது விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன, இப்போது விண்டோஸ் 10 மட்டும்தான். ஆன் செய்தால் டெஸ்க்டாப் வருவதற்கே ஐந்து நிமிடம் போகிறது, அப்புறம் குரோமைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று அசையாமல் நிற்கிறது. அவள் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள், பிடிஎஃப் படிப்பதும் யூடியூப் வகுப்பு பார்ப்பதும்தான் வேலை. எங்கள் ஊர் கடையில் "இது ஓடாது, புதுசு வாங்கிடுங்க" என்றே சொல்கிறார்கள். இப்போதைக்குப் புதுசுக்கு வழியில்லை. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (சில்லுகளில் தரவை வைக்கும் டிஸ்க்) போட்டால் தேறுமா? இல்லை முதலில் ரேம் போட வேண்டுமா? எந்த எஸ்எஸ்டி வாங்குவது என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சால்டர்_சாமி:

தம்பி, புதுசு வாங்க அவசரப்படாதீர்கள். டிஸ்க் 100% என்று நிற்கிற அதே நேரத்தில் சிபியு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அநேகமாக 20, 30 சதவீதம்தான் இருக்கும். அப்படியானால் ப்ராசஸருக்கு வேலை செய்யத் தெம்பு இருக்கிறது, டிஸ்கிலிருந்து தரவு வந்து சேராததால் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ஏன் வந்து சேரவில்லை? லேப்டாப் ஹார்ட் டிஸ்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும், அதாவது வினாடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. வேண்டிய இடம் தரவைப் படிக்கும் ஹெட்டுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்று, ஐந்தரை மில்லிவினாடி. அதற்கு முன்னால் ஹெட் சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்குப் பத்து மில்லிவினாடி பிடிக்கும். ஆக ஒவ்வொரு துண்டையும் தேடி எடுக்க ஏறத்தாழ 15 மில்லிவினாடி, வினாடிக்கு அறுபது எழுபது துண்டுக்கு மேல் முடியாது. ஒரு துண்டு 4 கேபி என்றால் வினாடிக்கு 300 கேபிகூட தேறாது. பெரிய சினிமா கோப்பை நகலெடுக்கும்போது அதே டிஸ்க் 100 எம்பி வேகம் காட்டும், ஏனென்றால் அங்கே தேடல் இல்லை, வரிசையாகப் படித்துக்கொண்டே போகிறது. ஆனால் விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பதெல்லாம் அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள்.

எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் ஹெட்டும் இல்லை. ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லிவினாடி அளவுதான். ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டியே இந்தச் சின்னச் சின்னத் துண்டுகளை வினாடிக்கு 30 எம்பிக்கு மேல் எடுத்துத் தரும். 300 கேபி எங்கே, 30 எம்பி எங்கே! விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற 550 எம்பி உங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை. இந்த வித்தியாசம்தான் கையில் தெரியும்.

இரண்டாவதாக ஒரு விஷயம், இதை முதலில் செய்யுங்கள்: கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, இப்போதிருக்கும் டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். சி5, 05, சி6 என்று தொடங்கும் வரிகளில் கடைசிப் பத்தியில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் இங்கே வந்து சொல்லுங்கள்.

கோவை_கதிர்:

சாமி அண்ணா, எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 10 ஏறி உட்கார்ந்தாலே பாதிக்கு மேல் காலி. குரோமில் நாலு டேப் திறந்தால் ரேம் நிரம்பி, மிச்சத்தை விண்டோஸ் டிஸ்கில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. டிஸ்க் 100% ஆவதற்கு அதுவும் ஒரு காரணம்தானே? ரேமை 8 ஆக்கிவிட்டால் அந்தப் பாரம் குறையும். அதற்காகும் செலவும் குறைவு. எங்கள் அலுவலகத்தில் பழைய மெஷின்களுக்கு ரேம் மட்டும் போட்டு ஓட்டிய அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

சால்டர்_சாமி:

கதிர், நீங்கள் சொல்வது உண்மை, 8 ஜிபி கட்டாயம் வேண்டும்தான். ஆனால் வரிசை முக்கியம். ரேமை மட்டும் கூட்டினால் ஆன் ஆகும் நேரம் மாறாது, அப்டேட் ஓடும்போது படும் அவஸ்தையும் வைரஸ் ஸ்கேன் ஓடும்போது படும் அவஸ்தையும் மாறாது. எஸ்எஸ்டியை மட்டும் போட்டால், ரேம் நிரம்பி டிஸ்குக்குப் போகிற நேரத்தில்கூட மெஷின் உறைந்து நிற்காது. கையில் ஒன்றுக்கு மட்டும் காசு இருந்தால் எஸ்எஸ்டி, அடுத்து காசு வரும்போது ரேம். ரேம் வாங்கும்போது கழற்றிப் பார்த்து, டிடிஆர்3 என்ற வகைப் பெயரின் பக்கத்தில் எல் என்ற எழுத்து இருக்கிறதா என்று கவனியுங்கள். எல் போட்டது 1.35 வோல்ட், போடாதது 1.5 வோல்ட். 1.35 மட்டும் கேட்கிற லேப்டாப்பில் பழைய 1.5 வோல்ட் ரேமைச் செருகினால் ஆன்கூட ஆகாமல் போகலாம்.

தேன்மொழி_தி:

எந்த எஸ்எஸ்டி என்ற கேள்விக்கு நான் வருகிறேன். நான் இதையே வேலையாகச் செய்கிறேன், தினமும் கையில் வருவது இந்த வகை லேப்டாப்கள்தான்.

வாங்குவதற்கு முன் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். அந்தக் காலத்து அரசு லேப்டாப்களில் பொதுவாக 2.5 அங்குல சாட்டா இடம் இருக்கும், அதற்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் வேண்டும். எம்.2 என்ற மெல்லிய பட்டை வடிவத்தைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புது மெஷின் வைத்திருந்து இதைப் படிப்பவர்களுக்கு: எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே, அதற்குள்ளேயே சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்ஈயும் உண்டு. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யாமல் போகும். லேப்டாப் மாடல் எண்ணைத் தேடி, எது ஏற்கும் என்று உறுதி செய்துகொண்டு காசு கொடுங்கள்.

2.5 அங்குல எஸ்எஸ்டியின் தடிமன் 7 மில்லிமீட்டர். பழைய லேப்டாப்பில் இடம் 9.5 மில்லிமீட்டருக்கு இருந்தால் உள்ளே ஆடும். சில பெட்டிகளில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் கூடவே வரும், இல்லாவிட்டாலும் பழைய டிஸ்கைப் பிடித்திருந்த இரும்புத் தாங்கியில் நாலு ஸ்க்ரூவையும் சரியாக முடுக்கினால் ஆடாது.

அடுத்தது தரம். இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, உள்ளே டிரேம் என்ற வேகமான தற்காலிக நினைவகம் இருக்கிறதா. எந்தத் தரவு எந்தச் சில்லில் இருக்கிறது என்ற வரைபடத்தை அதில்தான் வைத்துக்கொள்ளும். டிரேம் இல்லாத சாட்டா எஸ்எஸ்டி நிரம்ப நிரம்பத் தள்ளாடும். இன்னொன்று, டிஎல்சியா க்யூஎல்சியா. ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நாலு பிட் வைப்பது க்யூஎல்சி. க்யூஎல்சியில் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதினால், முன்பகுதியில் இருக்கும் வேகமான இடம் தீர்ந்தவுடன் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிடும். சாம்சங் 870 ஈவோ, க்ரூஷியல் எம்எக்ஸ்500 இரண்டும் டிரேம் உள்ளவை, டிஎல்சி, 5 வருட உத்தரவாதம். க்ரூஷியல் பிஎக்ஸ்500 டிரேம் இல்லாதது, 3 வருடம்தான், ஆனால் பிடிஎஃப் படிக்கவும் வீடியோ பார்க்கவும் அதுவே தாராளம். தங்கை பயன்பாட்டுக்கு 240 அல்லது 250 ஜிபி போதும். பேர் தெரியாத பிராண்ட் 1 டிபி பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் தயவுசெய்து ஏமாறாதீர்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கு நிறைய சுற்றுகிறது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், வந்தவுடன் அதே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் போட்டுப் பாருங்கள். ஓடிய மணிநேரமும் எழுதிய அளவும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால்தான் புதுசு. ஆயிரக்கணக்கான மணிநேரம் காட்டினால் எங்கோ கழற்றியதைப் பெட்டியில் போட்டுத் தந்திருக்கிறார்கள், அன்றைக்கே திருப்பிவிடுங்கள்.

வல்வை_மைந்தன்:

நான் இலங்கையில், யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது மடிக்கணினி இல்லை, பழைய டெஸ்க்டொப். எச்61 மதர்போட், இரண்டாம் தலைமுறை ஐ3. அந்த போட்டில் சாட்டா 2 மட்டும்தான், 6 ஜிகாபிட் இல்லை, 3 ஜிகாபிட். "உதில எஸ்எஸ்டி போட்டுப் பிரயோசனம் இல்லை, பாதி வேகம்தான் வரும்" என்று கனபேர் சொன்னவை. பாதி வேகம் என்பது உண்மை, 550 எம்பி வரவேண்டிய இடத்தில் 270 அளவில்தான் வருகிறது. ஆனால் சாமி அண்ணை மேலே விளக்கின மாதிரி, சின்னக் கோப்புகளைத் தேடுகிற வேலைக்கு அந்த 270இல் பத்தில் ஒரு பங்கு போதும். ஆகவே பழைய போட் வைத்திருக்கிறவர்கள் இதை ஒரு காரணமாக வைத்துப் பின்வாங்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கோ. பழைய போட்களில் பயாஸில், அதாவது கணினி எழும்பும்போது முதலில் ஓடுகிற அமைப்பில், சாட்டா மோட் ஐடிஈ என்று இருக்கும். விண்டோஸ் போடுவதற்கு முதலே அதை ஏஎச்சிஐ என்று மாற்றிவிட வேண்டும். போட்ட பிறகு சும்மா மாற்றினால் நீலத்திரைதான் வரும்.

மற்றது மின்வெட்டு. 2022இல் எங்களுக்கு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தது. டெஸ்க்டொப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்ட் போனால் எஸ்எஸ்டிக்கும் ஆபத்துத்தான், உள்ளே இருக்கிற அந்த வரைபடம் குழம்பினால் முழுத் தரவும் போய்விடும். டெஸ்க்டொப்புக்கு எஸ்எஸ்டி போடுகிறவர்கள் ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் சேர்த்து யோசியுங்கோ. மடிக்கணினிக்கு பற்றறியே அந்தக் காவலைத் தரும், பற்றறி செத்துப்போய் நேரடி மின்சாரத்தில் ஓடினால் அதுவும் இல்லை.

விருதைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. சாமி அண்ணா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். மேலே மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. 05 பூஜ்யம்தான். சி5 வரியில், அதாவது கரண்ட் பெண்டிங் செக்டார் என்ற இடத்தில், பூஜ்யம் இல்லை, கடைசியில் 38 என்று இருக்கிறது. சி6இலும் ஒரு எண் இருக்கிறது. சிபியு நீங்கள் சொன்ன மாதிரி 25 சதவீதத்தைத் தாண்டவில்லை. இதற்கு என்ன அர்த்தம்? குளோன் செய்து அப்படியே எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு யூடியூப் வீடியோவில் பார்த்தேன், அப்படிச் செய்யட்டுமா?

தட்டு_மீட்பர்:

கொஞ்சம் நில்லுங்கள். தொலைந்த தரவை மீட்பதுதான் என் தொழில், இந்த இழையில் இதுவரை யாரும் பேசாததைப் பேச வேண்டியிருக்கிறது.

அந்த மென்பொருள் எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும், ஆகவே 38 என்பது உண்மையில் 56. அந்த 56 இடங்களை டிஸ்க் படிக்க முயன்று தோற்று, ஓரமாகக் குறித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். மெதுவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கலாம். படிக்க முடியாத ஓர் இடத்தில் மோதினால் டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும், அதற்குள் விண்டோஸ் மொத்தமும் அதற்காக நிற்கும்.

இந்த நிலையில் குளோன் வேண்டாம். குளோன் மென்பொருள் டிஸ்கை முதலிலிருந்து கடைசிவரை இழுத்துப் படிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்குக்கு அதுவே கடைசி அடியாகிவிடும். பாதியில் நின்றால் முக்கியமான கோப்புகளும் கிடைக்காது, குளோனும் கிடைக்காது. இன்றைக்கே அந்த லேப்டாப்பை வேறு வேலைக்குப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, தங்கையின் சான்றிதழ் ஸ்கேன்கள், படங்கள், குறிப்புகள் இவற்றை மட்டும் முதலில் பென்டிரைவுக்கு எடுங்கள். முக்கியமானது முன்னால், சினிமா பாட்டெல்லாம் கடைசியில். ஏதாவது ஒரு கோப்பில் நகல் நின்றுவிட்டால் அதோடு மல்லுக்கட்டாமல் தாண்டிப் போங்கள். இடையில் டக் டக் என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள், திரும்ப ஆன் செய்யவே வேண்டாம், அது ஹெட் போகிற சத்தம். அப்புறம் நீங்களோ கடைக்காரரோ எதையும் ஓட்டிப் பார்க்கக் கூடாது, மீட்புத் தொழில் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

எஸ்எஸ்டிக்கு மாறுகிறவர்கள் எல்லோருக்கும் இன்னொன்று. ஹார்ட் டிஸ்க் உங்கள் டிஸ்கைப் போல முன்கூட்டியே முனகும். எஸ்எஸ்டி பல நேரம் அப்படி முனகாது. நேற்று ஓடியது, இன்று பயாஸில் பெயரே வராது. தவறுதலாக அழித்த கோப்பும் ஹார்ட் டிஸ்கில் கொஞ்ச காலம் கிடக்கும், தேடி எடுத்துவிடலாம். எஸ்எஸ்டியில் டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தை உடனே காலி என்று அறிவித்துவிடுவதால், சற்று நேரத்தில் அங்கே ஒன்றுமே மிஞ்சாது. என் மேசைக்கு அப்படி வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்லி அனுப்புவது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. எஸ்எஸ்டி வாங்கக் காசு ஒதுக்கும்போதே வெளியே ஒரு நகல் வைப்பதற்கும் ஒதுக்குங்கள்.

கோவை_கதிர்:

அருமையான விளக்கம். ஆனால் டிஸ்க் நன்றாக இருக்கிறவர்கள் குளோன் செய்வதில் தப்பில்லையே? மென்பொருளையெல்லாம் மறுபடி ஏற்றும் வேலை மிச்சம்.

தேன்மொழி_தி:

தப்பே இல்லை கதிர். டிஸ்க் நலமாக இருந்தால், யுஎஸ்பியிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் ஒன்று வாங்கி எஸ்எஸ்டியை வெளியே மாட்டி, க்ளோன்சில்லா என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். ஆனால் 500 ஜிபி டிஸ்கிலிருந்து 250 ஜிபிக்குப் போகும்போது க்ளோன்சில்லா தானாகச் சுருக்காது, டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்ட்டிஷனை முதலில் நீங்கள்தான் சுருக்க வேண்டும். டிஸ்கைச் சாவி போட்டுப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள், மீட்புச் சாவியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விருதைக்காரன் விஷயத்தில் புதிதாக விண்டோஸ் போடுவதுதான் ஒரே வழி. இத்தனை வருடக் குப்பையும் கூடவே போகும். பென்டிரைவில் நிறுவும் கோப்பைத் தயார் செய்துகொள்ளுங்கள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் வகை என்றால் மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பை எடுத்துவிடுங்கள். பழைய டிஸ்கைக் கழற்றிய இடத்தில் எஸ்எஸ்டியை மாட்டுங்கள். நிறுவும்போது பழைய டிஸ்க் எந்த வகையிலும் இணைப்பில் இருக்கக் கூடாது, இருந்தால் விண்டோஸ் தன் பூட் பகுதியைப் பழையதிலேயே கொண்டுபோய் வைத்துவிடும், பின்னால் அதை எடுத்தவுடன் மெஷின் எழுந்திருக்காது. டெஸ்க்டாப்காரர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம், ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸ் 10 என்றால் அது மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்கை மாற்றினாலும் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

நெய்தல்நிலா:

குறுக்கே வருகிறேன். விண்டோஸ் 10க்குத்தான் 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவை நிறுத்திவிட்டார்களே? அதையே மறுபடி போடச் சொல்கிறீர்கள்?

தேன்மொழி_தி:

நியாயமான கேள்வி. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு தவணை உண்டு. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் கேட்கிறது, இந்த லேப்டாப் அதில் தேறாது. குறுக்குவழியில் ஏற்றலாம், அடுத்த அப்டேட் வருமா என்ற உத்தரவாதம் இல்லாததை ஒரு மாணவிக்குப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. நீண்ட நாளைக்கு என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு. 4 ஜிபியிலேயே இலகுவாக ஓடும், ஃபயர்பாக்ஸ், பிடிஎஃப், லிப்ரே ஆபீஸ் எல்லாம் உண்டு, தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விருதைக்காரன்:

சொன்னபடியே கோப்புகளை எடுத்துவிட்டேன், இரண்டு பழைய வீடியோ மட்டும் வரவில்லை, பரவாயில்லை. 250 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி, வந்ததும் சோதித்தேன், மணிநேரம் பூஜ்யம்தான். தங்கையே மின்ட் வேண்டும் என்றாள், போட்டுக் கொடுத்துவிட்டேன். அரை நிமிடத்துக்குள் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. ரேம் அடுத்த மாதம். இன்னும் இரண்டு சந்தேகம். எஸ்எஸ்டி எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்கிறார்களே, எவ்வளவு காலம் வரும்? பழைய டிஸ்கை வெளியே ஒரு கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

சால்டர்_சாமி:

தேய்மானம் பற்றி: 870 ஈவோ 250 ஜிபிக்கு 150 டிபி எழுதும்வரை என்று உத்தரவாதம் தருகிறார்கள். ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும், படிக்கிற பிள்ளை அவ்வளவு எழுதப் போவதில்லை, 7500 நாள் வரும், இருபது வருடம். ஆகவே அதை எண்ணிக்கொண்டு டிஸ்கைப் பொத்திப் பொத்தி வைக்காதீர்கள். சிதறிய கோப்புகளை வரிசைப்படுத்தும் டிஃப்ராக் மட்டும் தேவையில்லை. மின்ட்டில் டிரிம் வாரம் ஒருமுறை தானாக ஓடும், விண்டோஸ்காரர்களுக்கும் தானாகவே நடக்கும். கொள்ளளவில் பத்து பதினைந்து சதவீதம் எப்போதும் காலியாக விடுங்கள், முழுக்க நிரப்பினால் வேகமும் போகும், தேய்மானமும் கூடும்.

பழைய டிஸ்க் வேண்டவே வேண்டாம். பெண்டிங் செக்டார் வந்த டிஸ்கில் வைக்கும் பேக்கப்பை நம்ப முடியாது. புதிய வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். பேக்கப்புக்கு வேகம் தேவையில்லை, அதனால் அங்கே ஹார்ட் டிஸ்கே சரி. எஸ்எஸ்டியை மின்சாரமே இல்லாமல் அலமாரியில் வருடக்கணக்கில் போட்டு வைக்க அது செய்யப்பட்டதல்ல. எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி 30 டிகிரி வெப்பத்தில், மின்சாரம் இல்லாமல், ஒரு வருடம் தரவை வைத்திருந்தால் போதும் என்பதுதான் சில்லுத் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலையே. உங்களுடையது புதுசு, அதைவிட அதிகம் தாங்கும், ஆனாலும் விருதுநகர் வெயிலில் மறந்து வைக்கிற பொருளல்ல. பழையதைக் கடையில் கொடுப்பதானால் தங்கையின் சான்றிதழ்கள் அதில் இருந்ததை மறக்காமல், முழுவதும் பூஜ்யம் எழுதி அழித்துவிட்டுக் கொடுங்கள். அழிக்கும்போது பாதியில் நின்றுவிட்டால் யாரிடமும் கொடுக்காதீர்கள், திறந்து தட்டை உடைத்துவிட்டு மின்கழிவில் சேருங்கள்.